சேர்ந்த பிறகு மேஜரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், இப்போது என்ன செய்ய?

கேள்வி: அக்கா, எனக்கு ஈரோடு பக்கம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் விண்ணப்பித்தேன். அந்தத் துறையில் இடம் கிடைக்கவில்லை, ஆனால் பல்கலையில் சேர்த்துக்கொண்டு 'ப்ரீ-சயின்ஸ்' (மேஜர், அதாவது பட்டத்துக்கான பிரதானப் பாடம், இன்னும் முடிவாகாத அறிவியல் பிரிவு) என்று போட்டுவிட்டார்கள். ஊரில் கன்சல்டன்சியில், "முதல்ல உள்ள போயிருங்க, ஒரு வருஷம் கழிச்சு மேஜர் மாத்திக்கலாம்" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அதை நம்பிக் கடன் வாங்கி அனுப்பினார். இப்போது இங்கே அட்வைசர், வாய்ப்பு ரொம்பக் குறைவு என்கிறார். முதல் குவார்ட்டரில் (பத்து வாரப் பருவம்), புரோகிராமிங் பாடமான சிஎஸ்இ 122-இல் நான்குக்கு 3.5, கால்குலஸில் 2.8. கால்குலஸைத் திரும்ப எடுக்கட்டுமா? காத்திருந்து முயற்சி செய்யட்டுமா, வேறு பல்கலைக்கு மாறட்டுமா? அப்பா போன் செய்யும்போதெல்லாம், "எப்ப மாத்துவாங்க?" என்று கேட்கிறார். அப்பாவின் நூல் கடைக் கணக்குக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் அவருக்கு என் மேல் இவ்வளவு நம்பிக்கை. பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனில் உள்ளே இருந்துகொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவதை உங்கள் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் போடுங்கள், அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் அடுத்த மூன்று வருடத்தை அந்த ஒரு கதவின் முன்னால் நின்று கழிக்க வேண்டாம். உங்கள் அட்வைசர் உங்களைப் பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸை நடத்துவது பால் ஆலன் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருபவர்களை முதல் நாளே மேஜரில் சேர்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய பிரதான வழி. ஏற்கெனவே பல்கலைக்குள் வேறு பிரிவில் இருப்பவர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் மிகக் குறைவு. கூட்டத்தைச் சமாளிக்கத்தான் 2019-இல் பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் சென்டர் என்று இரண்டாவது கட்டடமே திறந்தார்கள், அப்படியும் வருகிறவர்களுக்கு இடம் போதவில்லை. இது வாஷிங்டனின் கதை மட்டுமும் இல்லை. 2010-க்குப் பிறகு அமெரிக்கா முழுக்கக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு வந்த கூட்டம் பல மடங்கு பெருகியது. பாடம் நடத்தும் பேராசிரியர்கள் அந்த வேகத்தில் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் படிப்பு முடித்தவர்களுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் சம்பளத்தைப் பல்கலைகளால் கொடுக்க முடியாது. அதனால் பல பல்கலைகள் வாசலில் ஒரு தடுப்பைப் போட்டன.

நம் ஊரில் இருந்து பார்க்கும்போது இது புரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. அண்ணா பல்கலைக் கவுன்சிலிங்கில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப், அதை வைத்து ரேங்க். கல்லூரியும் பிரிவும் ஒரே நேரத்தில் முடிவாகிவிடும். கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று அன்றே தெரியும். அமெரிக்காவில் பல்கலைக்குள் நுழைவது ஒன்று, மேஜருக்குள் நுழைவது இன்னொன்று. சில பல்கலைகளில் இரண்டாவது வாசல் திறந்தே கிடக்கும், போய் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சில இடங்களில் அதுதான் முதல் வாசலை விடக் குறுகலானது. "ஒரு வருஷம் கழிச்சு மாத்திக்கலாம்" என்பது முதல் வகைப் பல்கலைக்கு உண்மை, உங்களுடைய துறைக்கு உண்மை இல்லை. எந்தப் பல்கலை, எந்தத் துறை, எந்த ஆண்டு விதி என்று பார்க்காமல் அந்த வாக்கியத்தை எல்லாரிடமும் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு குடும்பம் கடன் வாங்குகிறது, ஒரு பையன் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போகிறான், அதற்கு முன்னால் அரை மணி நேரம் துறையின் விதியைப் படித்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இனி உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

மேஜர் சேர்க்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. உங்கள் நண்பர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பல்கலையில் இருந்து ஒவ்வொரு கதை சொல்வார்கள், அதையெல்லாம் உங்களுக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்பாதீர்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலையில் இன்ஜினியரிங் மாணவர்கள் பொதுவாகச் சேர்ந்து, முதலாண்டு முடிவில் துறையைத் தேர்வு செய்கிறார்கள். ஜிபிஏ, அதாவது மொத்த மதிப்பெண் சராசரி, 3.75 இருந்தால் கேட்ட துறை தானாகக் கிடைக்கும், இல்லாதவர்களின் விண்ணப்பத்தை உட்கார்ந்து படித்து முடிவு செய்வார்கள். கடுமையான கோடுதான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கோடு. கலிஃபோர்னியா பல்கலையின் பெர்க்லி வளாகத்தில் முன்பு மூன்று பாடங்களில் சராசரி 3.3 எடுத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி என்று இருந்தது. 2023-இல் சேர்ந்தவர்களில் இருந்து அந்த வழி மூடப்பட்டது. இப்போது சேரும்போதே மேஜருக்குள் எடுக்கிறார்கள், மற்றவர்கள் விண்ணப்பித்தால் மதிப்பெண்ணோடு வேறு பலவற்றையும் பார்க்கிறார்கள். நான்கு வருடம் முன்னால் சேர்ந்த சீனியர் அண்ணன் உள்ளே போன வழி இன்றைக்கு இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவர் காலத்து விதி அது. அதே பல்கலையின் சான் டியேகோ வளாகத்தில் மதிப்பெண்ணுக்கு ஒரு புள்ளி, கலிஃபோர்னியாவில் வசிப்பவர் என்றால் ஒரு புள்ளி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால் ஒரு புள்ளி, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் ஒரு புள்ளி என்று புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு வெளிநாட்டு மாணவர் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இந்தப் புள்ளிகளில் இரண்டைத் தொடவே முடியாது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், "நல்லாப் படிச்சா கிடைச்சிரும்" என்பது சில வாசல்களுக்குத்தான் பொருந்தும். உங்கள் வாசல் எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எவ்வளவு உழைப்பை அதில் போடலாம் என்று முடிவு செய்ய முடியும்.

இப்போது கால்குலஸ். திரும்ப எடுக்காதீர்கள். வாஷிங்டனில் ஒரு பாடத்தை இரண்டாம் முறை எடுத்தால் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டும் சேர்ந்துதான் ஜிபிஏ கணக்கில் வரும். விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் இரண்டும் படும். ஏற்கெனவே தேறிய பாடத்துக்கு ஐந்து கிரெடிட்டும் (பாடத்தின் அளவு அலகு) பத்து வாரமும் வெளிநாட்டுக் கட்டணமும் மறுபடி கொடுப்பதற்கு அது தகுதியானது இல்லை. 2.8 ஒன்றும் தோல்வி இல்லை, அந்தப் பல்கலையின் அளவில் பி-மைனஸ். முதல் குவார்ட்டரில், புது நாட்டில், புதுப் பாடமுறையில் 2.8 எடுத்தவர் அடுத்த கால்குலஸில் 3.4 எடுத்தால், படிப்பவருக்கு அந்த ஏற்றம்தான் கண்ணில் படும்.

அந்த 2.8 ஏன் வந்தது என்பதை மட்டும் நீங்கள் நேர்மையாகப் பார்க்க வேண்டும். என்னிடம் வரும் நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு கால்குலஸ் தெரியாமல் மதிப்பெண் போவதில்லை. பிளஸ் டூவில் போட்ட கணக்குதானே என்று முதல் மூன்று வாரம் அசட்டையாக இருப்பார்கள், குவார்ட்டர் முறையில் நான்காவது வாரமே முதல் மிட்டேர்ம் வந்து நிற்கும். அதில் அடிபட்டால் எழுந்து நிற்பதற்குள் பத்து வாரம் முடிந்துவிடும். அப்புறம் ஆஃபிஸ் ஹவர்ஸ். பேராசிரியரும் உதவியாளர்களும் வாரம் முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நம் பிள்ளைகள் போக மாட்டார்கள். போய்க் கேட்டால் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். நன்றாகப் படிக்கிறவர்கள்தான் அங்கே போய் உட்காருகிறார்கள் என்பதை ஒரு தடவை போய்ப் பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். இந்த வாரமே போங்கள், கேள்வி இல்லாவிட்டாலும் வீட்டுப்பாடத்தை அங்கே உட்கார்ந்து போடுங்கள்.

அடுத்தது காத்திருப்பது. இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்த பெரிய நஷ்டம் எல்லாம் இதில்தான். பல வருடம் முன்பு, வேறொரு பல்கலையில் நான் வேலை பார்த்தபோது ஒரு பையன் வந்தான். ஒரே மேஜருக்கு மூன்று முறை விண்ணப்பித்தான். ஒவ்வொரு முறையும் கிடைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் "அடுத்த தடவை" என்றான். இடையில் எடுத்த பாடங்கள் எல்லாம் அந்த ஒரு மேஜருக்கு மட்டுமே உதவுகிற பாடங்கள். மூன்றாம் ஆண்டு நடுவில் என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவனால் நான்கு வருடத்தில் முடிக்கக்கூடிய மேஜர்கள் இரண்டோ மூன்றோதான் மிச்சம் இருந்தன, அதில் ஒன்றும் அவனுக்குப் பிடித்தது இல்லை. அவனுக்கு அறிவு குறைவில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அவனை முதலாண்டிலேயே சந்தித்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதனால் உங்களுக்கு ஒரு நாள் குறித்துத் தருகிறேன். வாஷிங்டனில் 105 கிரெடிட் வருவதற்குள் ஒரு மேஜரை அறிவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குவார்ட்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் தடை போடுவார்கள். குவார்ட்டருக்கு 15 என்று எடுத்தால் ஏழு குவார்ட்டர், அதாவது மூன்றாம் ஆண்டின் முதல் குவார்ட்டர் முடியும்போது 105 வந்துவிடும். கோடையிலும் படித்தால் இன்னும் சீக்கிரம். அந்தத் தேதியை எல்லையாக வைக்காதீர்கள், அது பல்கலையின் எல்லை. உங்களுடைய எல்லை இரண்டாம் ஆண்டு வசந்த குவார்ட்டர். அதற்குள் நீங்கள் ஏதோ ஒரு மேஜருக்குள் இருக்க வேண்டும். நாட்காட்டியில் எழுதி, உங்கள் அட்வைசரிடமும் சொல்லிவிடுங்கள், அவரும் நினைவு வைத்துக்கொள்வார்.

இடையில் எடுக்கும் ஒவ்வொரு பாடமும் குறைந்தது இரண்டு வாசலுக்காவது பயன்பட வேண்டும். உங்களுக்கு நான் சொல்லும் ஒரே கணக்கு இதுதான். சிஎஸ்இ 123, கால்குலஸின் மீதி, ஒரு புள்ளியியல் பாடம், ஆங்கில எழுத்துப் பாடம் ஆகியவை கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் உதவும், இன்ஃபர்மேட்டிக்ஸுக்கும் உதவும், புள்ளியியல், கணிதம் பக்கம் போனாலும் வீணாகாது. இவற்றை மதிப்பெண் இல்லாமல் தேறியது-தேறவில்லை என்று மட்டும் போடும் எஸ்-என்எஸ் முறையில் மட்டும் எடுத்துவிடாதீர்கள், மேஜருக்கான தேவையில் அது சேராது.

இன்ஃபர்மேட்டிக்ஸைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அது ஏன் என்று யூகிக்க முடிகிறது, ஊரில் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதே வளாகத்தில் இன்ஃபர்மேஷன் ஸ்கூல் நடத்துகிற படிப்பு அது. புரோகிராமிங், தரவுத்தளம், தரவு அறிவியல், மனிதர்கள் ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் கலந்தது. அதுவும் போட்டி உள்ளதுதான், ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் அங்கே உள்ளே இருக்கிற மாணவர்கள் விண்ணப்பித்துச் சேரும் வழி உண்மையிலேயே திறந்திருக்கிறது, அவர்கள் மதிப்பெண்ணோடு நீங்கள் எழுதுவதையும் படிக்கிறார்கள். இதைத் தவிர புள்ளியியல் இருக்கிறது. மனிதர்களுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைக்கிற ஹெச்சிடிஇ என்ற இன்ஜினியரிங் துறை இருக்கிறது. டேட்டா சயின்ஸை மைனராக, அதாவது துணைப் பாடமாக, சேர்த்துக்கொள்ளவும் முடியும். ஒவ்வொரு துறையிலும் அறிமுகக் கூட்டம் நடத்துவார்கள், இந்தக் குவார்ட்டரிலேயே இரண்டுக்காவது போய் உட்காருங்கள். அந்த வருடத்து விதியைத் துறையின் பக்கத்தில் நீங்களே படியுங்கள், விதி வருடா வருடம் மாறுகிறது.

இன்னொன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆலன் பள்ளியே மற்ற மேஜர் மாணவர்களுக்கென்று பாடங்கள் நடத்துகிறது. சிஎஸ்இ 373-இல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், 374-இல் லினக்ஸ், சி மொழி மாதிரியான அடிப்படைக் கருவிகள், 414-இல் டேட்டாபேஸ், 416-இல் மெஷின் லேர்னிங், 417-இல் அல்காரிதம். புள்ளியியலோ இன்ஃபர்மேட்டிக்ஸோ மேஜராக வைத்துக்கொண்டு இதில் மூன்று நான்கு எடுத்தவருக்கு, சாஃப்ட்வேர் வேலைக்கான இன்டர்வியூவில் கேட்கும் அடிப்படை எல்லாம் கையில் இருக்கும். இடத்துக்குப் போட்டி உண்டு, பதிவு திறக்கிற நாளில் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா கேட்கப்போகிற கேள்வி ஒன்று இருக்கிறது, விசா. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பட்டத்தில் இல்லாவிட்டால் வேலைக்கு அனுமதி கிடைக்காது என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு முடித்தவருக்கு ஓபிடி என்று 12 மாதம் வேலை அனுமதி உண்டு, அதற்கு மேஜர் எதுவாக இருந்தாலும் சரி, வேலை படிப்போடு தொடர்புள்ளதாக இருந்தால் போதும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜர் என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம், ஆக 36. இங்கே பார்க்கப்படுவது பட்டத்தின் பெயரை விட, விசாவுக்காகப் பல்கலை தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் மேஜருக்குப் பக்கத்தில் அச்சாகிற குறியீட்டு எண்ணை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டுமல்ல, புள்ளியியலும் கணிதமும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பொருளாதாரத்தைக்கூட அளவியல் பொருளாதாரம் என்ற குறியீட்டில் வைத்து அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்த பல்கலைகள் உண்டு. ஆனால் எல்லா மேஜரும் இல்லை. அதனால் எந்த மேஜருக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய், "இந்த மேஜருக்கு என்ன குறியீடு, அது ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா?" என்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேஜர் மாறியதும் ஐ-20 திருத்தப்பட்டதா என்றும் பாருங்கள். விசா விதிகளும் மாறக்கூடியவை, இதில் நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வேறு பல்கலைக்கு மாறுவது பற்றி. அமெரிக்காவில் நடுவில் பல்கலை மாறுவது சாதாரணம், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் மாறினால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள்ளேயே நேராக அனுமதி தருகிற இடத்துக்குத்தான் மாற வேண்டும். இங்கிருந்து இன்னொரு ப்ரீ-மேஜருக்குப் போவதில் அர்த்தமே இல்லை. அனுமதிக் கடிதத்தில் மேஜரின் பெயர் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைகள் மாறி வருபவர்களில் அந்த மாநிலத்து கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான் முன்னுரிமை தருகிறார்கள், அதனால் அதை முதல் நம்பிக்கையாக வைக்க வேண்டாம். உங்கள் பல்கலைக்கே பாத்தெல்லிலும் டகோமாவிலும் வளாகங்கள் இருக்கின்றன, அங்கேயும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது, அங்கேயும் போட்டி உண்டு, ஆனால் விசாரிக்காமல் விடக்கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் முடியும் வரை இருந்து பார்ப்பேன். முதலாண்டு முடிவில் துறை அறிமுகக் கூட்டங்களுக்கெல்லாம் போன பிறகும் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று மனம் உறுதியாக இருந்தால் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே வெளி விண்ணப்பங்களைப் போடுங்கள். வருடத்துக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டணம் கட்டுகிறவர் வேண்டாத மேஜரில் உட்கார்ந்திருக்க அவசியம் இல்லை. மாறுகிறபோது எத்தனை கிரெடிட் கூடவே வரும் என்று எழுத்தில் கேளுங்கள், சில நேரம் ஒரு வருடமே காணாமல் போகும்.

இனி விண்ணப்பக் கட்டுரை. உங்கள் கடிதத்தில் நூல் கடைக் கணக்கை ஒரே வரியில், பெரிதாக ஒன்றும் இல்லாதது போலச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். தம்பி, உங்களிடம் இருப்பதிலேயே நல்ல விஷயம் அதுதான். நான் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் படிக்கிற கட்டுரைகள், "சின்ன வயதில் இருந்தே எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஆர்வம்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் இதை எழுதுங்கள்: அப்பா முன்பு கணக்கை எப்படி வைத்திருந்தார், நோட்டிலா, ஞாபகத்திலா? எந்தக் கவுண்ட் நூல் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதில் எங்கே தப்பு வந்துகொண்டிருந்தது? நீங்கள் முதலில் எழுதியதை அவர் பயன்படுத்தினாரா, இல்லை பழைய நோட்டுக்கே திரும்பப் போனாரா? போயிருந்தால் ஏன், அப்புறம் எதை மாற்றினீர்கள்? தமிழில் எண்ட்ரி போட வசதி செய்ய வேண்டியிருந்ததா, கடையில் வேலை பார்க்கிறவருக்குப் புரிந்ததா? ஒரு கருவியை ஒரு மனிதர் கையில் கொடுத்து, அவர் தடுமாறுவதைப் பார்த்து, அதைத் திருத்துவதுதான் இன்ஃபர்மேட்டிக்ஸும் ஹெச்சிடிஇயும் சொல்லித்தருகிற பாடத்தின் நடு. நீங்கள் ஈரோட்டிலேயே அதைத் தொடங்கிவிட்டீர்கள். 2.8 பற்றியும் இரண்டே வரியில் எழுதலாம், என்ன தவறு செய்தேன், அடுத்த குவார்ட்டரில் எதை மாற்றினேன் என்று. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

கட்டுரையைப் பல்கலையின் எழுத்து மையத்தில் ஒருவரிடம் காட்டுங்கள், இலவசம். ஊரில் பணம் வாங்கி எழுதித் தருகிறவர்களிடம் போகாதீர்கள், ஏஐயை வைத்தும் எழுத வேண்டாம். உங்கள் அப்பாவின் கடை எப்படி இருக்கும் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்த மாணவர்கள் நடுவில் இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2020-இல் வந்த ஓர் ஆய்வு, போட்டி வைத்து மேஜருக்கு எடுக்கிற கம்ப்யூட்டிங் துறைகளில் முதலாண்டு மாணவர்களுக்கு 'இது என் இடம்' என்ற உணர்வும் தன்னம்பிக்கையும் குறைவாக இருப்பதைக் காட்டியது. ஆக, நீங்கள் உணர்வது உங்கள் பலவீனம் இல்லை, அந்த ஏற்பாடே அப்படி உணர வைக்கிறது. தூக்கம் வராமல் போனால், சாப்பிடப் பிடிக்காமல் போனால், வளாகத்தில் உள்ள கவுன்சலிங் மையத்துக்குப் போங்கள். அதை மேஜர் சேர்க்கைக் குழு பார்க்காது, அப்பாவுக்கும் தகவல் போகாது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாதீர்கள். அவர் "எப்ப மாத்துவாங்க?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் "பாக்கறேங்ப்பா" என்று சொல்லச் சொல்ல, பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகும். அவர் வியாபாரி, நஷ்டக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். விலை இறங்கிக்கொண்டிருக்கும் நூலை எவ்வளவு நாள் கிடங்கில் வைத்திருக்கலாம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிவதை விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கடை சாத்தி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து, வீடியோ காலில் பேசுங்கள். "அப்பா, அவங்க சொன்ன மாதிரி இங்க மாத்திக்க முடியாதுங்க. நான் விசாரிச்சேன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் போட்டுப் பாக்கறேன், ஆனா இன்ஃபர்மேட்டிக்ஸுன்னு ஒண்ணு இருக்குது, நம்ம கடைக்கு நான் எழுதுனேன்ல, அது மாதிரி வேலைதான் அது. விசாவுக்கு எப்படின்னு ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கியிருக்கறேன். அடுத்த வருஷம் மே மாசத்துக்குள்ள எதுலன்னு முடிவாயிரும்" என்று சொல்லுங்கள். அவருக்கு ஒரு தேதியும் ஒரு மாற்று வழியும் கிடைத்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். முதல் நாள் கோபப்படலாம், அது உங்கள் மேல் இருக்காது.

அந்தப் போனைப் போடுவதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் பதில் கையில் இருக்கட்டும். இந்த வாரம் அதை வாங்குங்கள், அடுத்த வாரம் இன்ஃபர்மேட்டிக்ஸ் அறிமுகக் கூட்டம் எப்போது என்று பார்த்துப் பெயர் கொடுங்கள். கட்டுரையின் முதல் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.